மக்கள் பிரதிநிதிகளிடம் கணக்குக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதவியில் இருப்பவர்களின் சலுகைகள் பற்றிப் பேச்சு வந்தாலே நாம் முதலில் பிடித்துக்கொள்வது சம்பளத்தை. "மாசம் இவ்வளவா!" என்று ஒரு அங்கலாய்ப்பு, அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் ஒளிவுமறைவு குறைந்த பகுதியே சம்பளம்தான். இந்திய எம்.பி.க்களின் மாதச் சம்பளத்தை 1,24,000 ரூபாயாக உயர்த்தியதை 2025 மார்ச்சில் அரசே அறிவித்தது. தொகுதிப் படி, அலுவலகப் படி எவ்வளவு என்பதையும் தேடினால் கண்டுபிடித்துவிடலாம். சுலபத்தில் கண்ணில் படாதவை பில்கள்: அந்தப் படியில் யாரை வேலைக்கு வைத்தார்கள், எந்தப் பயணத்துக்கு யாரை அழைத்துப் போனார்கள், என்ன வாங்கினார்கள் என்ற விவரங்கள். தொகையைத் தெரிந்துகொண்டு கோபப்பட்டு நிறுத்திக்கொள்வது முதல் தவறு. கேட்க வேண்டியது செலவை.

செலவைத் தேடிப் போகிறவர்களும் வேடிக்கையான பில் ஒன்று கையில் கிடைத்தால் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். பிரிட்டனில் 2009 மே மாதம் டெய்லி டெலிகிராப் நாளிதழ் எம்.பி.க்களின் செலவுக் கணக்குகளை வரிசையாக வெளியிட்டது. அதில் இன்றுவரை பலருக்கும் நினைவிருப்பது வாத்து வீடு. ஒரு எம்.பி. தன் குளத்து வாத்துகளுக்காக மிதக்கும் வீடு ஒன்றை வாங்கி, 1,645 பவுண்டுக்குக் கணக்கு அனுப்பியிருந்தார். சிரிப்பதற்கு நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பணத்தை நாடாளுமன்ற அலுவலகம் தரவே இல்லை.

காசு உண்மையில் போனது வேறு வழியில். அப்போது லண்டனின் மையப் பகுதிக்கு வெளியே தொகுதி உள்ள எம்.பி.க்களுக்கு 'இரண்டாவது வீட்டு'ச் செலவுக்கு அரசுப் பணம் கிடைத்தது. எது இரண்டாவது வீடு என்பதைப் பெரும்பாலும் அந்த எம்.பி.யே சொல்லிக்கொள்ள முடிந்தது. சிலர் முதலில் ஒரு வீட்டைக் காட்டி அதைச் செப்பனிட்டார்கள். அப்புறம் மற்றதை இரண்டாவது வீடு என்று மாற்றி அதையும் செப்பனிட்டார்கள். விற்கும் நேரத்தில் வரித்துறையிடம் போய், இதுதான் என் முதல் வீடு என்று சொல்லி, சொத்தை விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரியிலிருந்து தப்பித்தவர்களும் உண்டு. வாத்து வீட்டோடு ஒப்பிட்டால் இதை விளக்குவது கடினம், கேட்பதற்கும் சுவாரசியம் இல்லை. அதனால்தான் இது பலருக்கு நினைவில் இல்லை.

அந்த ஜூனில் நாடாளுமன்றம் தானே அதிகாரப்பூர்வமாகக் கணக்குகளை வெளியிட்டது. அந்தப் பிரதிகளில் முகவரிகளைக் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள். பாதுகாப்பு, தனியுரிமை என்று காரணம் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் முகவரியை மறைத்துவிட்டால் வீடு மாறியதே தெரியாது. மறைக்காத பிரதி ஏற்கெனவே நாளிதழின் கையில் இருந்ததால் இந்த வித்தை அம்பலமானது. எந்த ஆவணத்தையாவது ஓரளவு மறைத்துத் தந்தால், மறைத்த வரி என்ன என்று யோசிப்பதை விட, அந்த வரி இல்லாததால் எந்தக் கணக்கைப் போட முடியாமல் போகிறது என்று யோசிப்பது பலன் தரும்.

இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம் தேர்தல் பத்திரங்கள், அதாவது ஸ்டேட் வங்கியில் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கும் பத்திரங்கள். 2018 முதல் யார் எந்தக் கட்சிக்குப் பணம் கொடுத்தார்கள் என்று வாக்காளருக்குத் தெரியாமலே இந்தத் திட்டம் நடந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இதை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று ரத்து செய்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் பட்டியலை வெளியிட்டபோது பலர் வெற்றி என்று கொண்டாடினார்கள். உள்ளே இருந்தவை இரண்டு தனித்தனிப் பட்டியல்கள். பத்திரம் வாங்கியவர்கள் ஒரு பக்கம், பணமாக்கிய கட்சிகள் இன்னொரு பக்கம். இரண்டையும் இணைக்கும் பத்திர எண்கள் அதில் இல்லை. அவற்றையும் தர வேண்டும் என்று நீதிமன்றம் ஸ்டேட் வங்கியிடம் மறுபடியும் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, மார்ச் 21 அன்றுதான் எண்கள் வெளியே வந்தன. பட்டியல் வந்துவிட்டது என்று ஒதுங்கியிருந்தால் கடைசி வரை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று தெரிந்திருக்காது. (இந்தப் பத்திரங்கள் நடப்பில் இருந்த காலத்தில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் நாடாளுமன்ற கேண்டீனின் மலிவு விலைப் பட்டியல்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மானியத்தை 2021ல் நிறுத்திவிட்டார்கள்.)

அடுத்தது, "விதிப்படிதான் செய்தேன்" என்ற பதிலில் வாயடைத்துப் போவது. பிரிட்டனில் சிக்கிய பலரும் சொன்ன பதில் இதுதான், அவர்களில் பலரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. பொய்க் கணக்கு எழுதிய சிலர் சிறைக்குப் போனார்கள், மற்றவர்கள் விதிக்குள்ளேதான் இருந்தார்கள். அப்போது எழ வேண்டிய கேள்வி, விதியை எழுதியது யார்? இந்திய அரசியல் சாசனத்தின் 106வது பிரிவுப்படி எம்.பி.க்களின் சம்பளத்தையும் படிகளையும் நாடாளுமன்றமே சட்டம் போட்டு முடிவு செய்கிறது. எம்.எல்.ஏ.க்களுக்கு 195வது பிரிவு, அங்கே முடிவெடுப்பது சட்டமன்றம். 2018ல் ஒரு மாற்றம் வந்தது. விலைவாசிக் குறியீட்டை ஒட்டி எம்.பி.க்களின் சம்பளம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தானாகவே உயரும்படி செய்தார்கள். உயர்வுக்கு ஓர் அளவுகோல் வந்தது நல்லது. ஆனால் ஒவ்வொரு முறையும் அவையில் எழுந்து நின்று தனக்குத்தானே உயர்த்திக்கொள்ளும் சங்கடமும் போய்விட்டது. அந்தச் சங்கடம் இருந்தவரை கொஞ்சம் பயன்பட்டது என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் வேறு மாதிரி. நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் இடையில் ஒரு தேர்தல் வந்து போன பிறகே அது நடைமுறைக்கு வர வேண்டும் என்கிறது அந்நாட்டு அரசியல் சாசனத்தின் 27வது திருத்தம். 1789ல் முன்மொழிந்தது, 1992ல்தான் நிறைவேறியது. பிரிட்டன் ஊழலுக்குப் பிறகு செலவுகளையும் பின்னர் சம்பளத்தையும் தனி அமைப்பிடம் ஒப்படைத்தது. அந்த அமைப்பு 2015ல் சம்பளத்தை 74,000 பவுண்டாக உயர்த்தியபோது, கட்சித் தலைவர்களே வேண்டாம் என்றார்கள். தனி அமைப்பு வந்தால் சம்பளம் குறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு தவறுதான். அதனால் கிடைப்பது வெளிப்படையான கணக்கு, மலிவான எம்.பி. அல்ல.

வேட்பாளர்களின் சொத்துப் பிரமாணப் பத்திரத்தைப் படிக்கும் விதத்திலும் பிசகு நடக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் 2003 முதல் இது கட்டாயம். ஒரு தேர்தலின் பத்திரத்தை மட்டும் பார்த்து, இத்தனை கோடியா என்று கேட்பதில் பெரிய பலன் இல்லை. அதே வேட்பாளரின் முந்தைய பத்திரத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அப்போதும் அவசரம் கூடாது. பழைய நிலத்தின் விலை ஏறியிருந்தால் அது வேறு, புதிதாக நிலம் வாங்கியிருந்தால் வேறு. சொன்ன வருமானத்தில் அதை வாங்கியிருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இதை எதிர்க்கட்சிக்காரருக்கு மட்டும் செய்து பார்ப்பவர்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. "எல்லாரும் திருடனுங்கதான்" என்று கைகழுவுகிறவரைக் கண்டு உண்மையில் திருடியவர் பயப்படப்போவதும் இல்லை.

சரி, எப்படிக் கேட்பது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடும் பலர் "ஏன் இவ்வளவு செலவு செய்தார்?" என்று எழுதிவிடுகிறார்கள். ஏன் என்பதற்குப் பதில் சொல்லப் பொதுத் தகவல் அலுவலருக்குக் கடமை இல்லை. கையில் இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் அவர் வேலை. ஆகவே எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தத் தலைப்பின் கீழ், பில்கள் அல்லது ஒப்புதல் கடிதங்களின் நகல் வேண்டும் என்று எழுத வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விளக்க வேண்டியதில்லை. அதைச் சட்டமே 6(2) பிரிவில் சொல்லிவிட்டது. மனுவில் பிரசங்கம் செய்தால் மறுப்பதற்கு நாமே இடம் கொடுத்ததாக ஆகும்.

பலர் விட்டுவிடுவது முதல் மறுப்பில். பிரிட்டன் கணக்குகளைக் கேட்ட பத்திரிகையாளர் ஹெதர் புரூக் தகவல் ஆணையர், தீர்ப்பாயம் என்று படியேறி, 2008 மே மாதம் உயர் நீதிமன்றத்தில்தான் வென்றார். இடையில் 2007ல் நாடாளுமன்றத்துக்கே தகவல் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்கும் மசோதாவும் வந்து போனது. இங்கே 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாவது. மறுப்புக் கடிதத்தில் காரணமும், யாரிடம் எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் மேல்முறையீட்டில் முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.