பிள்ளைகள் விரித்து எழுத ரெண்டு கேள்வி போதும்

நாலாம் வகுப்புப் பிள்ளையை மாம்பழத்தைப் பற்றி எழுதச் சொன்னால், "மாம்பழம் இனிப்பாக இருக்கும்" என்று முடித்துவிடும். கிருஷ்ணகிரிப் பிள்ளைக்கு மாம்பழத்தைப் பற்றித் தெரியாததா? கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

நான் நோட்டை மூடச் சொல்லிவிட்டுப் பேச்சில்தான் ஆரம்பிப்பேன். எந்தப் பழம்? செந்தூராவா, மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு லோடாகப் போகும் பெங்களூராவா? காம்பைக் கிள்ளினால் என்ன வரும்? "பால் வடியும் டீச்சர், உதட்டுல பட்டா புண்ணாயிடும்." அதையே எழுது என்பேன்.

"பெங்களூரா காயின் காம்பைக் கிள்ளினேன். பால் தெறித்து உதடு எரிந்தது."

இதில் ஒரு பெயரடைகூட இல்லை, கவனியுங்கள். 'அழகான', 'மிகவும்' என்று அள்ளிப் போட்டால் வர்ணனை ஆகிவிடும் என்று நம்ப வைத்ததே இந்த கைடு புத்தகங்கள்தான்.

வினைச்சொல்லைப் பிடியுங்கள். ஒகேனக்கல்லில் தண்ணீர் 'வந்தது' வேண்டாம். கொட்டியதா, இரைந்ததா, முகத்தில் சாரலாக அடித்ததா? பரிசல் 'போனது' என்று எழுதினால், சுற்றியதா, ஆடியதா என்று கேளுங்கள்.

ஒரு வாக்கியத்துக்கு 2 கேள்விக்கு மேல் வேண்டாம், பிள்ளைக்குச் சலித்துவிடும். எழுத்துப்பிழையை அன்றைக்குத் தொடாதீர்கள். சிவப்பு மையைப் பார்த்துப் பயந்த பிள்ளை, மறுநாள் தப்பில்லாமல் எழுதத் தெரிந்த சொல்லை மட்டும்தான் எழுதும்.