பார்மட் அடிக்கும் முன்: ஹார்ட் டிஸ்க்கை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணாச்சி, சிஸ்டம் ரொம்ப இழுக்குது. ஒரு பார்மட் அடிச்சுக் குடுத்திருங்க."

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து கேட்டுவரும் பேச்சு இது. விண்டோஸ் திறக்கப் பத்து நிமிஷம் ஆகிறது, ஒரு ஃபோல்டரைத் தொட்டால் திரை அப்படியே உறைந்து நிற்கிறது, சில நேரம் உள்ளேயிருந்து 'டக், டக்' என்று சத்தம் வருகிறது. இதெல்லாம் வைரஸ் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் பார்மட் அடிப்பதுதான் முதல் தவறு.

பார்ப்பது சிரமமில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' குறிப்புகளைக் காட்டும். அதில் மூன்று வரிகளைப் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டர் என்பது கெட்டுப்போய், மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. கரன்ட் பெண்டிங் செக்டர் என்பது டிஸ்க்கால் படிக்க முடியாமல் தவிக்கும் பகுதிகள். இந்த இரண்டும் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கை மாற்றியே ஆகவேண்டும். மூன்றாவது சி.ஆர்.சி. எரர், தகவல் கேபிள் வழியாகப் போகும்போது வரும் பிழைகளின் எண்ணிக்கை. அது மட்டும் ஏறுகிறது, மற்ற இரண்டும் பூஜ்யம் என்றால், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒன்று, எல்லா வரியும் நன்றாக இருந்தும் திடீரென்று நின்றுபோகும் டிஸ்க்குகள் உண்டு. சத்தம் வந்தால் சத்தத்தை நம்புங்கள்.

இனி நான் செய்த தவறு. அம்பாசமுத்திரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் 1 டி.பி. டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். வைகாசி முகூர்த்தப் படங்கள் எல்லாம் அதில்தான். நான் விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையை, கெட்ட பகுதிகளையும் தேடச் சொல்லும் '/ஆர்' போட்டு ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் டிஸ்க்கே காட்டவில்லை. செக்டிஸ்க் ஃபைல்களின் கணக்குவழக்கைச் சரிசெய்யும் கருவி. தேய்ந்துபோன டிஸ்க்கைக் குணப்படுத்தும் மருந்து அல்ல. அது முழு டிஸ்க்கையும் படிக்கிறது, கெட்ட இடத்தில் திரும்பத் திரும்ப முட்டுகிறது, போதாததற்கு அதே டிஸ்க்கில் எழுதவும் செய்கிறது. சில கல்யாணப் படங்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்தத் தம்பி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அன்றைக்குப் பிறகு, பழுதான டிஸ்க்கைக் கோடைக் கிணறு மாதிரிதான் பார்க்கிறேன். ஊறுவது நாலு குடம் என்றால் குடிக்கிற தண்ணீரைத்தான் முதலில் இறைக்க வேண்டும். இன்னும் எத்தனை தடவை அந்த டிஸ்க் படித்துக் கொடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. வைரஸ் ஸ்கேன், சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் டிஃபிராக், அதே டிஸ்க்கில் மறுபடி விண்டோஸ் போடுவது, எல்லாமே அந்தத் தண்ணீரை வீணாக்கும் வேலை. முதலில் படங்கள், டேலி கணக்கு ஃபோல்டர், பத்திரங்களின் ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ்கள். விண்டோஸையும் மற்ற மென்பொருள்களையும் எப்போது வேண்டுமானாலும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். எடுக்கும்போது கட்-பேஸ்ட் வேண்டாம், காப்பி மட்டும். கட் செய்தால் பழைய டிஸ்க்கில் அழிக்கும் வேலையும் சேர்ந்து நடக்கும்.

காப்பி அடிக்கடி நின்றுபோனால், விண்டோஸில் ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் எக்ஸ்ப்ளோரரை விட்டுவிடுங்கள். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு கருவி இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப்போய், கடைசியில் திரும்பி வந்து பையப் பைய முயன்று பார்க்கும். எதுவரை எடுத்தது என்று மேப் ஃபைலில் குறித்து வைப்பதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் ஃபைலைப் பழைய டிஸ்க்கில் வைக்காதீர்கள்.

'டக் டக்' சத்தம் நிற்காமல் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். படிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. ஒரு தூசி போதும், தட்டைக் கீறிவிடும். வீட்டில் மூடியைத் திறந்து பார்ப்பது டிஸ்க்கைக் கொல்வதற்குச் சமம். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்பதும் வேண்டாத யோசனை, உள்ளே ஈரம் படியும். இன்னொரு டிஸ்க்கின் அடியில் உள்ள சர்க்யூட் போர்டைக் கழற்றி மாட்டுவதும் இப்போதைய டிஸ்க்குகளில் அப்படியே பலிக்காது; அந்தந்த டிஸ்க்குக்கு உரிய அளவீடுகள் அதன் போர்டில் உள்ள சிப்பிலேயே இருக்கின்றன. தகவல் மீட்பு நிலையத்துக்கு அனுப்புவதுதான் வழி.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன், கொக்கிரகுளம் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறியதை மறக்க முடியுமா? நனைந்த டிஸ்க்குக்கும் இதே விதிதான். 'ஓடுதா பார்ப்போம்' என்று கரண்ட் கொடுக்கக் கூடாது. வெயிலில் காயவைத்தால் சேறு தட்டோடு இறுகிவிடும். ஈரத்தோடேயே பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்புங்கள்.

சரி, புதிய டிஸ்க் வாங்கப் போகிறீர்கள். எம்.2 என்ற சின்னப் பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.யில் (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு வகை உண்டு. பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒன்றுக்கான இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். லேப்டாப் மாடலைக் கடையில் சொல்லி வாங்குங்கள். டிஸ்க்கில் உள்ளதை மற்றவர் படிக்க முடியாமல் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள்.

பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகல் எடுக்கும் குளோன் வேலையில் நடக்கும் பெரிய விபத்து, திசை மாறுவது. இரண்டும் 1 டி.பி. என்றால், திரையில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்றுதான் காட்டும். மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் பழைய டிஸ்க்கின் மேல் பதிந்துவிடும். இரண்டின் சீரியல் நம்பரிலும் கடைசி நாலு எழுத்தைத் தாளில் எழுதி, திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய டிஸ்க்கைப் பழைய யு.எஸ்.பி. 2 துளையில் மாட்டினால் நொடிக்கு 35 எம்.பி. அளவில்தான் ஓடும், 1 டி.பி.க்கு 8 மணி நேரம் ஆகும். யு.எஸ்.பி. 3 துளை என்றால், நல்ல டிஸ்க் 3 மணி நேரத்துக்குள் முடித்துவிடும். ஸ்லீப் மோடை நிறுத்திவையுங்கள், யு.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள்.

முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்துத் திறந்து பாருங்கள். ஃபைல் எண்ணிக்கை சரியாக இருப்பது போதாது. ஒரு வீடியோவைக் கடைசிவரை ஓட்டுங்கள், டேலியில் கம்பெனியைத் திறந்து போன மாதக் கணக்கைப் பாருங்கள். பழைய டிஸ்க்கை அன்றைக்கே அழிக்க வேண்டாம். தேதி எழுதி ஒட்டி ஒரு மாதம் பீரோவில் வையுங்கள். விட்டுப்போனது எதுவென்று அதற்குள் தெரிந்துவிடும். பழைய இரும்புக் கடைக்குப் போடுவதானால் குயிக் பார்மட்டை நம்பாதீர்கள், அது அட்டவணையை மட்டும்தான் அழிக்கும். படங்கள் உள்ளேயே இருக்கும்.

அம்பாசமுத்திரத்துத் தம்பி இப்போது ஒவ்வொரு முகூர்த்தம் முடிந்ததும் இரண்டு டிஸ்க்கில் ஏற்றுகிறார். ஒன்று ஸ்டுடியோவில். மற்றது ஆற்றுக்கு அந்தப் பக்கம், கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் அக்கா வீட்டுப் பீரோவில்.