புரட்டும் கை மெதுவாக எழும்புகிறதா?

ஹட்டன் பக்கம் சண்டை ரோபோ செய்யும் தம்பி, தங்கச்சிமாருக்கு: எதிராளியின் ரோபோவைக் காற்றழுத்தத்தால் புரட்டும் கை மந்தமாக எழும்பினால் உடனே அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். கையை எழுப்பும் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் 10 பார் அழுத்தத்திலேயே ஏறக்குறைய 125 கிலோவைத் தள்ளும். குறை பெரும்பாலும் குழாயில்தான். ஒல்லியான நீளக் குழாயில் காற்று திணறும். போத்தலின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டருக்குப் பின்னால், அந்த அழுத்தம் தாங்கும் சிறிய சேமிப்புக் கலன் ஒன்றை வையுங்கள். வால்வு சிலிண்டரோடு ஒட்டி இருக்கட்டும். குழாய் அகலமாக, கட்டையாக.

கார்பன் டைஒக்சைட் பாவித்தால் நம்மூர்க் குளிரையும் கணக்கெடுங்கள். 20 பாகையில் 57 பார் தரும் போத்தல், நுவரெலியா விடியலின் 10 பாகையில் 45 தான் தரும். அடுத்தடுத்து அடித்தால் ரெகுலேட்டரே உறையும்.

அழுத்தம் மிஞ்சினால் காற்றை வெளிவிடும் பாதுகாப்பு வால்வுக்கு இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், வேறெதையாவது கழற்றுங்கள். ரோபோவில் கை வைக்குமுன் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள்.