ஒரு வருடக் கிற்றார்ப் பயிற்சியை எடைபோடும்போது விடும் பிழைகள்

கிற்றார் பழகத் தொடங்கி ஒரு வருடம் ஆனதும் பலரும் போடும் கணக்கு, எத்தனை கோர்ட் (பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கும் விரல் பிடி) தெரியும், எத்தனை பாட்டு வாசிக்க முடியும் என்பதுதான். இரண்டுமே ஏமாற்றும். இருபது கோர்ட் தெரிந்தும் சி-யிலிருந்து ஜி-க்குப் போகையில் அரைத் தாளம் நிற்பவரை விட, ஐந்தே கோர்ட்டை இடறாமல் மாற்றுபவர் முன்னே நிற்கிறார்.

அளக்க வேண்டியது கோர்ட் மாற்றத்தை. ஃபோனில் ஒரு நிமிட டைமர் வையுங்கள். சி, ஜி என்று மாறி மாறிப் பிடித்து ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தட்டு தட்டுங்கள். எல்லாத் தந்தியும் தெளிவாக ஒலித்த மாற்றங்களை மட்டும் எண்ணுங்கள். 30 வந்தால் மெதுவான பாட்டுகளைச் சமாளிக்கலாம். 60-ஐ நெருங்கினால் அந்த மாற்றத்தைப் பற்றி இனி யோசிக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை ஏறாவிட்டால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எல்லா விரலையும் தூக்கிவிட்டு மறுபடி வைப்பது. சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போக நகர வேண்டியது மோதிர விரல் மட்டும். மெல்லிய தந்தியிலிருந்து எண்ணினால், ஐந்தாம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டிலிருந்து (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) மூன்றாம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டுக்கு. மற்ற இரண்டும் அசையத் தேவையில்லை. ஜி-யை நான்கு விரலால் பிடிப்பவருக்கு டி-க்குப் போகும்போதும் மோதிர விரல் இரண்டாம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டிலேயே இருக்கும்.

அடுத்த பிழை, சுட்டுவிரலால் எல்லாத் தந்தியையும் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் எஃப் கோர்ட் வராததற்குக் கையையே குறை சொல்வது. ஒரு வருடம் முயன்றும் எஃப் பிடிபடவில்லை என்றால் முதலில் கிற்றாரைச் சந்தேகியுங்கள். அதே குறுக்குப் பிடியை (பார் வடிவத்தை) 5ஆம் ஃப்ரெட்டில் பிடித்துப் பாருங்கள். அங்கே தெளிவாக ஒலித்து 1ஆம் ஃப்ரெட்டில் மட்டும் அடைத்தால் குற்றம் பெரும்பாலும் நட்டில், அதாவது தலைப்பக்கம் தந்திகள் தங்கும் அந்தச் சிறு துண்டில். தந்தியை 3ஆம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு 1ஆம் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். மெல்லிய கடதாசி அளவுக்கு மேல் இருந்தால் நட்டின் பள்ளங்களை ஆழமாக்க வேண்டும். இதற்கென்றே உள்ள அரங்கள் வேண்டும், கொஞ்சம் கூடிப்போனாலும் தந்தி இரையத் தொடங்கும். ஆகவே திருத்துபவரிடம் கொடுப்பதே நல்லது.

எல்லா இடத்திலும் கடினமாக இருந்தால் 12ஆம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரத்தை அளந்து பாருங்கள். ஸ்டீல் தந்திக் கிற்றாரில் தடித்த ஈ தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 2.5 மில்லிமீற்றர் அளவு வசதியானது. 3-ஐத் தாண்டினால் பழகுபவருக்குத் தண்டனை. கொழும்பில் இது தானாகவே கூடும். கிற்றாருக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70-க்கு மேல். ஈரத்தை உறிஞ்சிய மேற்பலகை மெல்ல உப்பி எழுகிறது, அதோடு தந்திகளின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜும் எழுகிறது, தந்தி உயர்கிறது. இந்த நேரத்தில் கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ரொட்டைத் திருகுவது வழமையான பிழை. அது கழுத்தின் வளைவைத்தான் சரிசெய்யும், உப்பிய பலகையை இறக்காது. இரவில் ஏசி போட்டுப் பகலில் நிறுத்தும் அறையில் கிற்றாரைச் சுவரில் தொங்கவிடாமல், சிலிக்கா ஜெல் பொதிகளோடு கேஸுக்குள் மூடி வையுங்கள். பொதிகளை மாதம் ஒரு முறையாவது மாற்றுங்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்றும் கேஸுக்குள் இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலை நோக்கிய தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்கிறது. துருப்பிடித்த தந்தி சுருதியில் நிற்காது, விரலும் வழுக்காது. 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரமும் அங்கேயே மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், சாடிலில் (பிரிட்ஜின் மேல் தந்திகள் தங்கும் துண்டில்) கை வைக்கும் முன் தந்தியை மாற்றிப் பாருங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பதும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை செட் மாற்றுவதும் போதும். சத்தம் கூடுதலாக வரும் என்று நைலோன் கிற்றாரில் ஸ்டீல் தந்தி போடாதீர்கள். நைலோன் செட்டின் மொத்த இழுவை ஏறத்தாழ 40 கிலோ, ஸ்டீல் செட்டினுடையது 70-ஐ ஒட்டி வரும். பிரிட்ஜ் பெயர்ந்து வந்த பிறகு யாரும் அழுது பயனில்லை.

தாளத்துக்கு வருவோம். வேகம் வரவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் பிழையோடு வேகத்தைக் கூட்டியவர்கள். கை கற்றுக்கொண்டது அந்தப் பிழையைத்தான். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, மூன்று முறை தொடர்ந்து பிழையில்லாமல் வந்தால் மட்டும் 4 கூட்டுங்கள். தடுமாறினால் 8 குறையுங்கள். வலக்கை நிற்கக்கூடாது, தந்தியைத் தொடாத இடத்திலும் மேலும் கீழும் போய்வர வேண்டும். கோர்ட் பிந்தினால் பிந்தட்டும்.

கொழும்பில் கிற்றார் வைத்திருப்பவரிடம் எந்தக் கொண்டாட்டத்திலும் பைலா என்ற ஆட்டப் பாட்டைக் கேட்பார்கள். அதை நாலு தாளமாகத் தட்டுவது மிகப் பரவலான பிழை. பைலா 6/8 நடை. ஒன்று முதல் ஆறு வரை எண்ணி 1-இலும் 4-இலும் அழுத்தம் கொடுங்கள். வாயால் எண்ணிக்கொண்டே முதலில் தொடையில் தட்டி, அது உறுதியான பிறகு கிற்றாரைத் தூக்கலாம்.

முன்னேற்றத்தை நினைவை வைத்துத் தீர்ப்பளிப்பதும் வேண்டாம். நேற்று வந்தது இன்று வராவிட்டால் வருடமே வீண் என்று தோன்றும். மாதம் ஒரு முறை ஒரே பாட்டை, ஃபோனை ஒரு மீற்றர் தள்ளி வைத்து, எந்த எஃபெக்டும் இல்லாமல் பதிவு செய்யுங்கள். மூன்றை மட்டும் கேளுங்கள்: கோர்ட் மாறும் இடத்தில் வெற்றிடம் விழுகிறதா, எந்தத் தந்தி இரைகிறது, பல்லவிக்குத் திரும்பும்போது வேகம் கூடுகிறதா. குரலின் இனிமையை இப்போது விட்டுவிடுங்கள்.

நாள்தோறும் 20 நிமிடம் எடுப்பவர், ஞாயிறு மட்டும் இரண்டு மணிநேரம் உட்காருபவரை விட வேகமாக முன்னேறுவார். விரல்நுனி வலி முதல் சில வாரங்களுக்கு இயல்பு. வருடக் கடைசியிலும் மணிக்கட்டு வலித்தாலோ விரல் விறைத்தாலோ அது இயல்பல்ல. வலிக்கிற அளவுக்கு அழுத்துகிறீர்கள் என்றால் விரலை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் பின்னால் வைத்து, தந்தி இரையும் வரை அழுத்தத்தைக் குறைத்து, அங்கிருந்து சற்றே கூட்டுங்கள். தேவை அவ்வளவுதான். அதன் பிறகும் வலி நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் வருடத்தில் ஏபிஆர்எஸ்எம் அல்லது ட்ரினிட்டி என்ற பிரித்தானிய நிறுவனங்களின் இசைப் பரீட்சை எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றின் கிளாசிக்கல் கிற்றார்ப் பாடத்திட்டம் நைலோன் தந்தியில், விரலால், இசைக்குறிப்பைப் பார்த்து வாசிப்பவர்களுக்கானது. ஒரு வருடம் கோர்ட் மட்டும் தட்டியவர் நேரே கிரேட் 3-க்குப் பணம் கட்டினால் குறிப்பு வாசிப்பிலேயே சிக்குவார். முதல் நிலைத் துண்டுகளை வாங்கி, ஒன்றைக் குறிப்பு பார்த்து மெதுவாக முழுதாக வாசிக்க எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்த பிறகு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.