ஆச்சி கைக்குட்டையின் சிப்பி ஓரத்தை நீங்களும் பின்னலாம்

ஆச்சியின் தகரப்பெட்டியில் கிடந்த மல் கைக்குட்டையின் ஓரம் முழுக்கச் சிப்பி சிப்பியாகப் பின்னல். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பழைய லேஸைப் பார்த்தாலே "இடையன்குடி லேஸா?" என்பார்கள். கால்டுவெல்லின் மனைவி எலைசா இடையன்குடிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை அது. அவருடைய அம்மா மார்த்தா மால்ட் அதற்கு முன்பே நாகர்கோவிலில் தொடங்கிவைத்தது. ஆனால் அது திண்டில் குண்டூசி குத்தி, கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றி முறுக்கிப் போடுவது. ஆச்சி செய்தது குரோஷா, ஒற்றைக் கொக்கி ஊசியால் வளையம் வளையமாகப் பின்னுவது.

எது எது என்று கண்டுபிடிக்க, லேஸைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். வளையத்துக்குள் வளையம் கோத்திருந்தால் குரோஷா. நெய்த மாதிரி நூல் குறுக்கும் நெடுக்கும் ஓடினால் திண்டு லேஸ். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். குரோஷா என்றால் ஒரு சிப்பியில் எத்தனை கால் (விசிறி மாதிரி விரிந்து நிற்கும் தையல்) என்று எண்ணுங்கள். ஆச்சியுடையதில் 5, மூலையில் மட்டும் 7.

வேண்டியவை: 20ஆம் நம்பர் பருத்தி நூல், 1.25 மி.மீ. குரோஷா ஊசி, ஓரம் மடித்துத் தைத்த 30 செ.மீ. சதுர மல் துணி. துணியை முதலில் நனைத்துக் காயப்போடுங்கள். பின்னிய பிறகு சுருங்கினால் அழுகைதான் வரும்.

துளை: நான்கு மூலையிலும் ஒவ்வொரு துளை. நடுவில் 3 மி.மீ. இடைவெளியில் பக்கத்துக்கு 99 துளை, தடித்த ஊசியால். பென்சிலில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் கணக்கு இங்கே தப்பினால் கடைசி மூலையில் சிப்பி பாதியில் நிற்கும்.

முதல் சுற்று: மூலைத் துளையைச் சேர்க்காமல் எண்ணி, அடுத்த இரண்டாவது துளையில் தொடங்குங்கள். ஊசியில் ஒரு முடிச்சு வளையம் மாட்டிக்கொண்டு, துளையில் ஊசியை விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம். மறுபடி நூல் போட்டு இரண்டையும் சேர்த்து இழுங்கள். இதுதான் சிங்கிள். துளைக்கு ஒன்று, மூலைத் துளையில் மூன்று. சுற்று முடிந்ததும் முதல் தையலோடு இணையுங்கள்.

சிப்பிச் சுற்று: அதே இடத்தில் ஒரு செயின் (ஊசியில் இருக்கும் வளையத்துக்குள் நூலை இழுப்பது), ஒரு சிங்கிள். இரண்டு தையல் விட்டு, மூன்றாவதில் 5 டபுள். டபுளுக்கு ஊசியில் முதலிலேயே நூலைச் சுற்றிக்கொண்டு உள்ளே விட வேண்டும். நூலை இழுத்தால் வரும் மூன்று வளையத்தையும், ஒவ்வொரு தடவையும் நூல் போட்டு, இரண்டிரண்டாகக் கழற்ற வேண்டும். மறுபடி இரண்டு விட்டு ஒரு சிங்கிள். இப்படியே போனால் பக்கத்துக்கு 16 சிப்பி. மூலையின் நடுத் தையலில் தானாக ஒரு சிப்பி வந்து விழும், அதற்கு 7 டபுள்.

ஆச்சியின் நோட்டில் இந்த டபுளை 'டிரெபிள்' என்று எழுதியிருந்தது. யூடியூப் பார்த்துப் பழகிய நான் அமெரிக்க டிரெபிள் போட்டு, ஒரு பக்கம் முழுக்கச் சிப்பிகள் வாடிய கீரை மாதிரித் தொங்கின. பழைய பிரிட்டிஷ் முறையில் டிரெபிள் என்பது அமெரிக்க டபுள்தான். மொத்தத்தையும் பிரித்தேன்.

கடைசியாக, வடித்த கஞ்சியில் தண்ணீர் கலந்து நனைத்து, துண்டின் மேல் விரித்து, துருப்பிடிக்காத குண்டூசியால் ஒவ்வொரு சிப்பியையும் இழுத்துக் குத்திக் காயவிடுங்கள். பெட்டியில் எடுத்துவைப்பதாக இருந்தால் மட்டும் கஞ்சியை அலசிவிடுங்கள். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் உயிர். ஆச்சி கைக்குட்டையின் நான்காவது மூலை இப்போது இல்லை.