உலை வைக்க அரிசி இல்லையா? டெல்டாவில் எங்கே, எப்படிக் கேட்பது

சம்பா அறுவடை முடிந்தபின் மேட்டூர் திறந்து குறுவை தொடங்கும்வரை விவசாயக் கூலி வீடுகளில் கை நெருக்கடிதான். கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அக்கம்பக்கத்தில் அடுப்பெரியாத வீடு இருந்தால், முதலில் அவர்களுடைய ரேஷன் ஸ்மார்ட் கார்டை வாங்கிப் பாருங்கள்.

அட்டையின் முன்பக்கம் ஒரு குறியீடு இருக்கும். பிஎச்எச்-ஏஏஒய் என்றால் அந்தியோதயா. மாதம் 35 கிலோ அரிசி, விலையில்லாமல். பிஎச்எச், என்பிஎச்எச் அட்டைகளுக்கும் அரிசி இலவசம்தான், அளவு மட்டும் அட்டையில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. கடைசியில் எஸ் என்று இருந்தால் அது சர்க்கரை அட்டை, அரிசி வராது. என்சி என்றால் எந்தப் பொருளும் கிடையாது. வசதியாக இருந்த காலத்தில் வாங்கிய சர்க்கரை அட்டையை, வீட்டுக்காரர் இறந்தபிறகும் அப்படியே வைத்திருப்பவர்கள் உண்டு. வட்ட வழங்கல் அலுவலரிடம் அட்டை வகை மாற்ற மனு கொடுங்கள். ஆதரவற்ற விதவைச் சான்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எது இருக்கிறதோ அதன் நகலை இணைத்து, மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

அரிசி குறைவாக வருகிறதென்றால் பெயர் விடுபட்டிருக்கலாம். குழந்தைக்குப் பிறப்புச் சான்றோடு இ-சேவை மையத்தில் பதியலாம். மருமகள் பெயரைச் சேர்க்கும்போதுதான் மனு தள்ளுபடியாகும்: பிறந்த வீட்டு அட்டையில் பெயர் இருக்கும்வரை அந்த ஆதாரை இன்னொரு அட்டை ஏற்காது. முதலில் நீக்கல், பிறகு சேர்த்தல்.

அடுத்த தொல்லை கைரேகை. நாற்று நடவு, களை பறிப்பு என்று வருஷக்கணக்கில் சேற்றிலேயே கிடந்த விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, வேறு விரல்களையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அட்டையில் பெயருள்ள யார் வேண்டுமானாலும் ரேகை வைக்கலாம், பாட்டியேதான் வரவேண்டும் என்பதில்லை. கருவிழிப் பதிவு இயந்திரம் இருந்தால் அதைக் கேளுங்கள். ஓடிபி வழி என்றால் ஆதாரில் இணைத்த சிம் உயிரோடு இருக்கவேண்டும். விற்பனையாளரோடு சண்டை போட்டுப் பயனில்லை; மெஷின் அவர் பேச்சையும் கேட்காது.

கடைக்கு வரவே முடியாதவர்களுக்காக வேறொருவர் வாங்கிவர அங்கீகாரச் சான்று உண்டு. அதற்கான படிவத்தைக் கடையிலேயே கேட்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் தனித்து வாழும் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் வருகிறது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கடையில் கேட்டுவிடுங்கள்.

திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போன குடும்பம் அரிசிக்காக ஊர் திரும்ப வேண்டியதில்லை. அதே அட்டையைக் காட்டி அங்குள்ள கடையிலேயே வாங்கலாம். வாங்காத பொருளுக்கு எஸ்எம்எஸ் வந்தால் அதை அழிக்காமல் வைத்துக்கொண்டு ரேஷன் புகார் எண்ணான 1967-க்குப் போன் போடுங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை தாலுகாவில் நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளும் இருக்கின்றன. சின்ன விஷயத்துக்கு முகாமே மேல். அதிகாரிகள் அங்கே கையோடு திருத்திக் கொடுப்பார்கள்.

இதெல்லாம் நடக்க நாளாகும். அதுவரை பசி பொறுக்குமா?

ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரையுள்ள குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. பதிவுக்கு ரேஷன் அட்டை வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நேரே போய்ப் பணியாளரைப் பாருங்கள். பள்ளியில் மதியம் சத்துணவு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை காலைச் சாப்பாடும் உண்டு. 2023 ஆகஸ்ட் 25-இல் அதை மாநிலம் முழுக்க விரிவாக்கியதே நாகை மாவட்டத்துத் திருக்குவளையில்தான். சாப்பிட வெட்கப்பட்டுப் பிள்ளை தாமதமாகப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு அறநிலையத் துறைக் கோயில்களின் மதிய அன்னதானம். ஸ்ரீரங்கத்திலும் சமயபுரத்திலும் நாள் முழுக்க நடக்கிறது. மற்ற கோயில்களில் இத்தனை பேருக்கு என்று அளவு இருக்கும், பிந்திப் போனால் கிடைக்காது. காலையிலேயே கோயில் அலுவலகத்தில் டோக்கன் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் தனிக் கணக்கு: 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்கென்று வங்கிக் கணக்கில் வரவேண்டும். வரவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாஸ்புக் நகலைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் 1077-ஐ அழையுங்கள், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை அது. நிவாரண முகாமுக்குப் போகும்போது ஸ்மார்ட் கார்டையும் ஆதாரையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். முகாமில் விஏஓ எடுக்கும் பட்டியலில் குடும்பத்தில் எல்லார் பெயரும் ஏறியதா என்று பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள்.