மளிகை அறைக்கு இருப்புக் கணக்கு: கூகுள் ஷீட்டிலேயே செய்யலாம்

சேலத்துக் கல்லூரிகளில் ஏற்காடு மலைக் கிராமங்களில் இருந்து வந்து, அறை எடுத்துத் தாங்களே சமைத்துச் சாப்பிட்டுப் படிக்கிற பிள்ளைகள் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்காக மாணவர்களே நடத்தும் இலவச மளிகை அறைக்கு ஒரு சின்ன மென்பொருள் செய்வோம். கோடிங் தெரிய வேண்டாம். கூகுள் ஷீட்டும் கூகுள் ஃபார்மும் போதும்.

தொடங்கும் முன் ஒன்று. இருப்பை யாரும் கையால் எழுதக் கூடாது. வந்ததையும் போனதையும் மட்டும் பதியுங்கள். மிச்சத்தை ஷீட் கணக்குப் போடட்டும். ‘அரிசி 40’ என்பதை அழித்து ஒருவர் ‘35’ என்று எழுதிவிட்டால், அந்த 5 கிலோ யாருக்குப் போனது, வண்டு வைத்துக் கொட்டினார்களா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

படி 1: பொருள் பட்டியல்

ஷீட்டில் ‘பட்டியல்’ என்று ஒரு தாள். முதல் காலத்தில் (column, மேலிருந்து கீழே போகும் கட்டங்கள்) பொருளின் பெயர், கூடவே அளவையும் சேர்த்து: ‘அரிசி - கிலோ’, ‘ஜவ்வரிசி - கிலோ’, ‘சேமியா - பாக்கெட்’. இதில் சோம்பல் வேண்டாம். சேலத்தின் மொத்த வியாபாரச் சந்தையான லீ பஜாரில் அரிசி 25 கிலோ சிப்பமாக வந்து இறங்கும். ஒருவர் சிப்பத்தை நினைத்து 1 என்று போடுவார், இன்னொருவர் கிலோவை நினைத்து 25 என்று போடுவார். பெயரிலேயே கிலோ இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

படி 2: ஃபார்ம்

நாலே கேள்வி: பொருள், வகை, அளவு, காலாவதி தேதி. பொருளை டைப் அடிக்க விடாதீர்கள், ‘து.பருப்பு’, ‘துவரம் பருப்பு’ இரண்டும் ஷீட்டுக்கு வேறு வேறு பொருள். பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும் ட்ராப்டவுன் வையுங்கள். பட்டியலை அப்படியே காப்பி செய்து விடை இடத்தில் ஒட்டினால் ஒவ்வொரு வரியும் தனித்தனி விடையாகிவிடும். வகைக்கு ‘வரவு’, ‘வழங்கல்’, ‘கழிவு’ என மூன்று விடை. அளவுக்கு எண் மட்டும் ஏற்கும்படி வேலிடேஷன் போடுங்கள். காலாவதி தேதி வரவுக்கு மட்டும்தான், அதனால் கட்டாயம் ஆக்க வேண்டாம்.

வாங்குகிற மாணவரின் பெயரையோ பதிவு எண்ணையோ கேட்கவே கேட்காதீர்கள். இருப்புக் கணக்குக்கு அது தேவையில்லை. பெயர் எழுதக் கூச்சப்பட்டுத் திரும்புகிற பிள்ளை பசியோடுதான் திரும்பும்.

படி 3: கணக்கு

ஃபார்மை ஷீட்டோடு இணைத்தால் பதிவுகள் தனித் தாளில் விழும். பட்டியல் தாளின் இரண்டாம் காலத்தில் ‘சம்இஃப்ஸ்’ (SUMIFS) ஃபார்முலா; சொன்ன நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் இது கூட்டும். அதற்கு முதலில் சொல்ல வேண்டியது எதைக் கூட்டுவது (அளவுக் காலம்). அப்புறம் எங்கே தேடுவது, எதைத் தேடுவது என்று ஜோடி ஜோடியாக: பொருள் காலத்தில் இந்தப் பொருள், வகைக் காலத்தில் ‘வரவு’. இதேபோல் வழங்கலுக்கும் கழிவுக்கும் எழுதி, வரவில் இருந்து கழியுங்கள். நூறாவது வரி வரை என்று நிறுத்தாமல் முழுக் காலத்தையும் கொடுங்கள், இல்லாவிட்டால் புதிய பதிவுகள் விடுபடும்.

மூன்றாம் காலத்தில் குறைந்தபட்ச இருப்பு. அதற்குக் கீழே போனால் சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் வைத்தால், அடுத்து என்ன வாங்கணும் என்பது பார்த்த உடனே தெரியும்.

படி 4: அலமாரி

காலாவதி தேதியை மூட்டை மேல் மார்க்கரில் பெரிதாக எழுதுங்கள். சீக்கிரம் காலாவதியாவது முன்னால், மற்றது பின்னால். ரவையும் மைதாவும் சீக்கிரம் வண்டு வைக்கும், அவற்றை அதிகம் சேர்க்காதீர்கள்.

வாரம் ஒரு முறை எடை போட்டு ஷீட்டோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் பழைய வரியைத் திருத்தாமல் ‘கழிவு’ என்று புதுப் பதிவு போடுங்கள்; கூடினால் ‘வரவு’. ஷீட்டைத் திருத்தும் உரிமை இருவருக்குப் போதும், மற்ற தன்னார்வலர்களுக்கு ஃபார்ம் லிங்க் மட்டும். செமஸ்டர் முடிந்து ஆட்கள் மாறும்போது அந்த உரிமையையும் மறக்காமல் மாற்றிக் கொடுங்கள்.